மத்திய வீதிக் கட்பீஸ் கடை: ஒட்டுத்துணிப் போர்வை தைப்பவரின் பார்வையில்

திருகோணமலை நகரில் புடவைக் கடைகளுக்குக் குறைவில்லை. மத்திய வீதியிலும் என்.சி. வீதியிலும் நடந்தால் சேலை, சல்வார், பாடசாலைச் சீருடைத் துணி, திரைச்சீலை, கட்டில் விரிப்பு என எதுவும் கிடைக்கும். ஆயினும் பல துணித் துண்டுகளை இணைத்து ஒட்டுத்துணிப் போர்வை தைப்பவரின் தேவை இவற்றுள் எதிலும் அடங்காது. அவருக்கு ஒரே துணியில் ஐந்து மீற்றர் வேண்டியதில்லை. இருபது துணிகளில் ஒவ்வொரு முழம் இருந்தால் போதும். அரை மீற்றருக்குக் குறைவாக வெட்டித் தருமாறு கேட்டால் பெரிய கடைகளில் முகம் சுளிப்பார்கள். சுருளில் மிஞ்சும் துண்டை யாரிடம் விற்பது என்ற அவர்களின் கவலையிலும் நியாயம் இருக்கிறது. 44 அங்குல அகலத்தில் போர்வைக்கென்றே அச்சிடப்படும் பருத்தித் துணி அமெரிக்காவிலும் யப்பானிலும் தனியொரு தொழிலாகவே நடக்கிறது. நமக்கோ அது கனடாவிலிருந்து வரும் உறவினரின் பெட்டியில் இருந்தால்தான் உண்டு.

ஆகவே இங்கே தைப்பவர்கள் நாடவேண்டியது மீதித் துண்டுகளை விற்கும் கட்பீஸ் கடையைத்தான். நான் மதிப்பிட எடுத்துக்கொண்டது மத்திய வீதியிலிருந்து பிரியும் குறுக்குத் தெரு ஒன்றில் இருக்கும் அத்தகைய சிறிய கடை. அதன் பெயரை எழுதாமல் விடுகிறேன். ஏனெனில் நான் சொல்லப்போவதில் பெரும்பகுதி இந்த மாவட்டத்தில் அதே வகையில் வியாபாரம் செய்யும் எந்தக் கடைக்கும் பொருந்தும். கடையின் இடப்புறத்தில் ஆடைத் தொழிற்சாலைகளில் வெட்டியபின் எஞ்சிய துண்டுகள் சாக்குகளில் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளன. இவை நிறைக்கு விற்கப்படுபவை. வலப்புறத் தட்டுகளில் ஒரு மீற்றருக்கும் இரண்டு மீற்றருக்கும் இடைப்பட்ட சுருள்முடிவுத் துண்டுகள் அடுக்கப்பட்டுள்ளன. இவற்றுக்குத் துண்டுக்கு ஒரு விலை. பின்சுவரை ஒட்டி மருதமுனைக் கைத்தறிச் சாரங்கள். காசு வாங்கும் மேசையின் மேல், கடையில் வேலை செய்யும் பெண் நிறம் பொருத்திக் கட்டிவைக்கும் சிறு கட்டுகள். இந்த நான்கும் நான்கு தரத்தவை என்பதால் கடைக்கு மொத்தமாக ஒரு மதிப்பெண் கொடுப்பது சரியாக இராது.

சாக்குகளில் இருந்தே தொடங்கலாம். நிறைக்குத் துணி வாங்கும்போது மெல்லிய துணி இலாபம், தடித்த துணி நட்டம் என்ற எளிய கணக்கைப் பலர் கவனிப்பதில்லை. சட்டைத் துணியாகப் பயன்படும் பொப்ளின் சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 120 கிராம் நிறுக்கும். அப்படியென்றால் ஒரு கிலோவில் எட்டுச் சதுர மீற்றருக்குச் சற்று மேல் கிடைக்கும். டெனிம் 400 கிராம் அளவில் நிறுப்பதால் அதே ஒரு கிலோவில் இரண்டரைச் சதுர மீற்றர்தான். தனிக் கட்டிலுக்கான போர்வையின் முகத்தை, அதாவது துண்டுகளை இணைத்த மேல் அடுக்கை, 60 அங்குல அகலமும் 90 அங்குல நீளமும் கொண்டதாக வைத்துக்கொள்வோம். தைத்து முடிந்தபின் 6 அங்குலமாக நிற்கும் சதுரங்களால் அதை ஆக்குவதற்கு 150 துண்டுகள் வேண்டும், பக்கத்துக்குக் கால் அங்குலம் தையலுக்குள் போவதால் ஒவ்வொன்றையும் 6½ அங்குலமாக வெட்டவேண்டும், மொத்தத்தில் 4.1 சதுர மீற்றர் செலவாகும். தொழிற்சாலைத் துண்டுகள் கைக்குழி, கழுத்து வளைவுகளுக்கு இடையில் விழுந்தவை என்பதால் மூன்றில் ஒரு பங்கு வீணாகும் என்று கணித்தாலும், நன்றாகப் பொறுக்கி எடுத்த ஒரு கிலோ பொப்ளின் ஒரு போர்வையின் முகத்துக்குப் போதுமானது. சிறு மிச்சமும் இருக்கும். சதுரத்தை 4 அங்குலமாகச் சிறிதாக்கினால் துணிச் செலவு பெரிதாகக் கூடாது, 4.3 சதுர மீற்றர் அளவில்தான் நிற்கும். ஆனால் 60க்கு 88 அங்குலப் பரப்புக்கே துண்டுகளின் எண்ணிக்கை 330 ஆகிவிடும். முதல் போர்வையைத் தைப்பவர் இந்த எண்ணைக் கண்டு அஞ்சுவது நல்லது.

ரூபாயில் விலை எழுத நான் விரும்பவில்லை; அது அடிக்கடி மாறும். ஒப்பீட்டைச் சொல்லலாம்: 45 அங்குல அகலத் துணியில் ஒரு மீற்றருக்கு 6½ அங்குலச் சதுரம் 36 வெட்டலாம் என்பதால் அதே முகத்துக்கு நான்கேகால் மீற்றர் வாங்கவேண்டும், நான் போனபோது பெரிய கடையில் அதற்கு ஆகும் செலவில் பாதிகூடச் சாக்குத் துணிக்கு ஆகவில்லை. தராசு வாடிக்கையாளர் பக்கம் திரும்பியிருக்கிறது. நிறுக்கும்போது சாக்கின் நூலோ தாளோ சேராமல் பார்த்துக்கொள்கிறார்கள். இதைச் சிறப்பாகக் குறிப்பிட வேண்டியிருப்பதே நம் சந்தைகளின் நிலையைக் காட்டுகிறது.

சாக்குகளிலும் இருவகை உண்டு. ஒன்று திறந்து வைத்தது. கைவிட்டுக் கிளறி வேண்டியதை எடுக்கலாம். மற்றொன்று கட்டுப் பிரிக்காதது. விலை குறைவு, ஆனால் உள்ளே இருப்பதை அப்படியே ஏற்கவேண்டும். கட்டுப் பிரிக்காததைப் போர்வைக்கு வாங்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. அதில் ரீ-சேர்ட்டுக்கான பின்னல் துணி பாதிக்குப் பாதி இருக்கும். பின்னல் துணி இழுபட்டுக்கொண்டே போகும். நெய்த துணியோடு சேர்த்துத் தைத்தால் தையல் அலை அலையாக எழும்பும். கால்மிதியோ கைபிடித்துணியோ செய்பவருக்கு அது பயன்படலாம்.

திறந்த சாக்கில் எடுக்கும்போது முதல் வேலை, கையில் இருப்பது முழுப் பருத்தியா, பொலியெஸ்ரர் கலந்த ரி.சி. துணியா என்று அறிவது. கைமுட்டிக்குள் சற்று நேரம் கசக்கிப் பிடித்து விட்டால் பருத்தியில் சுருக்கம் அப்படியே நிற்கும், கலவையில் மெல்ல விரிந்துவிடும். ஐயம் தீராவிட்டால் ஓரத்தில் இரண்டு நூலை உருவி, கடைக்கு வெளியே நின்று கொளுத்திப் பார்க்கலாம்: பருத்தி கடதாசி எரிவதுபோல மணந்து மென்மையான சாம்பலாகும், பொலியெஸ்ரர் உருகிச் சுருண்டு கெட்டியான மணியாக உறையும், கலவையில் சாம்பலுக்குள் கடினமான சிறு மணிகள் தட்டுப்படும். இதற்குக் கடைக்காரர் மறுப்புச் சொல்வதில்லை. "நூலைத்தானே டீச்சர் எரிக்கிறீங்க, துணியையா எரிக்கிறீங்க," என்று சொல்லித் தீப்பெட்டியையும் எடுத்துத் தந்தவர் அவர். அட்டையில் 'கொட்டன்' என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பச் சொல்லும் கடைகளைவிட இந்த நடத்தை எவ்வளவோ மேல்.

கலவைத் துணியை ஏன் ஒதுக்கவேண்டும் என்று கேட்கலாம். அது கெட்ட துணி அன்று. தினசரிச் சட்டைக்கு அதுவே வசதி. போர்வையில் இடர் வேறு வகையில் வருகிறது. புதுப் பருத்தி முதல் சலவையில் நூற்றுக்கு 3 முதல் 5 வரை சுருங்கக்கூடும். 90 அங்குல நீளத்தில் 3 வீதம் என்பது இரண்டே முக்கால் அங்குலத்தை நெருங்கும். பொலியெஸ்ரர் கலந்த துணி அவ்வளவு சுருங்காது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துத் தைத்த போர்வை முதல் சலவைக்குப் பின் அங்கங்கே உப்பியும் இழுபட்டும் கிடக்கும். தையலைப் படியவைக்கப் பருத்திக்கு வேண்டிய சூட்டில் இஸ்திரிக்கைப் பெட்டியை வைத்தால் கலவைத் துணி பளபளக்கத் தொடங்கும். எனவே வாங்கிய எல்லாவற்றையும் வெட்டுவதற்கு முன் துவைத்து உலர்த்துவது கட்டாயம்.

இழையோட்டத்தையும், அதாவது நூல்கள் ஓடும் திசையையும், கடையிலேயே பார்த்துவிடவேண்டும். முழுத் துணியில் நெசவுக் கரை வழிகாட்டும். துண்டில் அது இராது. மூன்று திசைகளில் இழுத்துப் பார்த்தால் நீளவாட்டில் ஓடும் பாவு நூல் ஏறக்குறைய அசையாது, அகலவாட்டில் ஓடும் ஊடு நூல் சிறிது கொடுக்கும், குறுக்கு மூலை வாட்டில் துணி நன்றாக நீளும். குறுக்கு வாட்டில் வெட்டப்பட்ட சதுரம் தைக்கும்போதே சதுரமாக நிற்காது. வளைவுத் துண்டுகள் நிறைந்த சாக்கில் இதுதான் மறைந்து கிடக்கும் செலவு: பெரிதாகத் தோன்றும் துண்டில் நேர் வாட்டில் ஒரே ஒரு சதுரம்தான் தேறும்.

அடுத்து, மேசை மேல் இருக்கும் கட்டுகள். பத்துப் பன்னிரண்டு துண்டுகளை நிறம் சேர்த்து, துணிநாடாவால் கட்டிப் பார்வைக்கு அழகாக வைத்திருக்கிறார்கள். பிள்ளைக்குப் பரிசாகப் போர்வை தைக்க வருபவர் முதலில் எடுப்பது இதைத்தான். நான் குறைவாக மதிப்பிடுவதும் இதைத்தான். கட்டுகிற பெண்ணுக்கு நிறப்பொருத்தம் நன்றாகத் தெரியும், ஐயமில்லை. ஆனால் அவர் ஒன்றோடொன்று ஒத்துப்போகும் நிறங்களைத் தேடுகிறார். போர்வைக்கு வேண்டியது ஒத்துப்போகாத அழுத்தம். மிதமான நீலம், மிதமான பச்சை, மிதமான ஊதா ஆகியவற்றைச் சேர்த்துத் தைத்தால் அருகில் நின்று பார்க்கும்போது மூன்று நிறமாகவும், அறையின் வாசலில் நின்று பார்க்கும்போது ஒரே மங்கலாகவும் தெரியும். எந்த வடிவத்தைத் தைத்தாலும் அந்த மங்கலில் அமிழ்ந்துவிடும். நட்சத்திரமோ முக்கோணமோ கண்ணுக்குப் புலப்படுவதற்குக் காரணம் நிறத்தின் பெயர் அன்று, ஒன்று வெளிறியும் அடுத்தது அழுத்தமாகவும் இருப்பதே.

இதைச் சோதிக்க இலகுவான வழி, துண்டுகளை வரிசையாகப் பரப்பிக் கைத்தொலைபேசியில் கறுப்பு வெள்ளைப் படம் எடுப்பது. படத்தில் எல்லாம் ஒரே சாம்பல் நிறமாகத் தெரிந்தால் அந்தக் கட்டை அப்படியே வாங்கக்கூடாது. கடையில் கட்டைப் பிரித்து மாற்றித் தருவார்களா என்று கேட்டேன். "அக்கா, ரெண்டு துண்டு எடுத்திட்டு ரெண்டு வையுங்கோ, கணக்கு ஒண்டுதானே," என்றார் அந்தப் பெண். அவ்வாறே நடுத்தர நிறத் துண்டுகள் இரண்டை எடுத்துவிட்டு, சாக்கிலிருந்து ஒரு வெள்ளையையும் கருநீலத்தையும் சேர்த்தபின் அதே கட்டு முற்றிலும் வேறாகிவிட்டது. வாங்குபவர் இந்த மாற்றத்தைக் கேட்கத் தயங்க வேண்டியதில்லை.

பூப்போட்ட துணிகளைப் பற்றியும் ஒரு சொல். தட்டில் இருக்கும் சீத்தைத் துணிகள் கண்ணைப் பறிப்பவை. ஆனால் உள்ளங்கை அளவு பூ 4 அங்குலச் சதுரத்தில் அரை இதழும் கால் இலையுமாகத்தான் விழும். பெரிய பூவுக்குப் பெரிய சதுரம், அல்லது அகலமான கரை. சிறிய துண்டுகளுக்குச் சிறு புள்ளி, மெல்லிய கோடு, வெறும் நிறம் ஆகியவையே ஏற்றவை. வெறும் நிறத் துணியை நம்மவர்கள் 'உள்துணி' என்று தாழ்வாக நினைக்கிறார்கள். அமெரிக்காவில் எளிய வாழ்வு வாழும் ஆமிஷ் என்ற கிறிஸ்தவச் சமூகத்துப் பெண்கள் தைத்த பழைய போர்வைகளில் அச்சுத் துணி அநேகமாக இராது. அழுத்தமான வெறும் நிறங்கள் மட்டுமே. அவற்றின் முன் எந்தப் பூத்துணியும் நிற்காது என்பது என் தனிப்பட்ட எண்ணம்.

கடையின் உண்மையான பொக்கிஷம் பின்சுவரில் இருக்கிறது. அம்பாறை மாவட்டத்து மருதமுனை, கைத்தறிக்குப் பெயர்பெற்ற ஊர். அங்கிருந்து வரும் கட்டம்போட்ட சாரங்களில் சாயப் பிசகோ நெசவுப் பிசகோ உள்ளவை இங்கே குறைந்த விலைக்குத் தனியாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அச்சிட்ட கட்டத்துக்கும் நெய்த கட்டத்துக்கும் போர்வையில் பெரிய வேறுபாடு உண்டு. அச்சிட்டதில் கோடு இழையோட்டத்திலிருந்து விலகிச் சாய்ந்திருக்கக்கூடும். கோட்டைப் பார்த்து வெட்டினால் துணி கோணும், இழையைப் பார்த்து வெட்டினால் கோடு கோணும். நெய்த கட்டத்தில் கோடே இழை. அளவுகோல்கூட இல்லாமல் நூலைப் பிடித்துக்கொண்டே நேராக வெட்டலாம். இருபுறமும் ஒரே நிறம் என்பதால் புறம் மாறித் தைத்தாலும் குற்றமில்லை. நெசவுப் பிசகு பெரும்பாலும் ஓரிடத்தில் ஓர் இழை விட்டுப்போனதாகவே இருக்கும். வெட்டும்போது அதைத் தவிர்த்துவிடலாம். இரண்டு சாரங்களைப் பிரித்து நீளவாட்டில் இணைத்தால் தனிக் கட்டில் போர்வையின் அடித்துணியும் ஏறக்குறைய முடிந்துவிடும்.

கைத்தறியில் விழிப்பாக இருக்கவேண்டியது சாயம். சிவப்பும் கருநீலமும் முதல் சலவைகளில் நிறம் விடுவது இயல்பு. வெள்ளைச் சதுரத்துக்குப் பக்கத்தில் அதைத் தைத்தபின் அறிந்து பயனில்லை. ஈரமான வெள்ளைத் துணியால் கடையிலேயே அழுத்தித் தேய்த்துப் பார்க்கலாம். வீட்டில் சூடான சவர்க்கார நீரில் தனியாக ஊறவைத்து, நீர் தெளிவாக வரும்வரை திரும்பத் திரும்ப அலசவேண்டும். உப்பையோ வினாகிரியையோ போட்டால் சாயம் நின்றுவிடும் என்ற நம்பிக்கை இங்கே பரவலாக இருக்கிறது. உப்பு சாயமிடும் தொட்டியில் சாயத்தை இழையில் ஏற்ற உதவுவது. ஏற்கனவே சாயமிட்டு முடிந்த துணியில் ஒட்டாமல் தங்கிய சாயத்தை அது பிணைக்காது, அந்தச் சாயம் கழுவித்தான் போகவேண்டும். உவர்க் கிணற்று நீர் உள்ள கடற்கரையோர வீடுகளில், எந்த நீரில் போர்வையைத் துவைக்கப்போகிறோமோ அந்த நீரிலேயே துண்டைச் சோதிப்பது நன்று. உலர்த்துவதை நிழலில் செய்யலாம். கச்சான் வீசும் மாதங்களில் நிழலிலும் துணி சீக்கிரம் காயும், நம் வெயிலில் நீளக் கிடந்தால் நிறம் வெளுக்கும்.

இனி வடிவமைப்பு. இந்தக் கடையில் மாதிரிப் புத்தகமோ வெட்டும் அச்சோ இல்லை. அது குறையாகத் தோன்றலாம். ஆனால் முன்கூட்டியே ஒரு படத்தைத் தேர்ந்துகொண்டு அதற்கேற்ற துணியைத் தேடி இங்கே வருபவர் வெறுங்கையோடுதான் திரும்புவார். படத்தில் உள்ள அந்த மென்சிவப்பு இங்கே இராது. இருந்தாலும் அடுத்த முறை இராது, ஏனெனில் தொழிற்சாலை மீதி ஒருமுறை முடிந்தால் முடிந்ததுதான். கிடைத்த துண்டின் நீள அகலத்தைப் பார்த்து வடிவத்தை முடிவுசெய்வதே இங்கே தகும். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் கீஸ் பெண்ட் என்ற சிற்றூரின் கறுப்பினப் பெண்கள் இவ்வாறே தைத்தார்கள். உழைத்துக் கிழிந்த உடுப்புகளை வெட்டித் தைத்த அவர்களின் போர்வைகள் 2002இல் ஹூஸ்டன் நகரத்து நுண்கலை அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டன. அவற்றுள் சில, வரிவரியாகப் புடைத்த தடித்த கோர்ட்ரோய்த் துணியால் ஆனவை. 1972இல் அப்பகுதிப் பெண்களின் தையற் கூட்டுறவு, சியர்ஸ் என்ற அமெரிக்கக் கடை நிறுவனத்துக்குக் கோர்ட்ரோய் மெத்தையணை உறைகள் தைத்துக் கொடுக்க ஒப்பந்தம் செய்தது. வேலையில் மிஞ்சிய துண்டுகள் வீடுகளுக்குப் போயின. பொன்மஞ்சள், தோடம்பழ நிறம், பச்சை, சிவப்பு என அந்த ஒப்பந்தத்தின் நிறங்களே போர்வைகளின் நிறங்களாகின. நமக்கு வரும் சாக்கும் அதே வகைதான்: யாரோ ஒரு வெளிநாட்டு நிறுவனம் இந்தப் பருவத்துக்கு விரும்பிய நிறம், அதன் ஓரத் துண்டுகளாக நம்மிடம் வந்து சேர்கிறது.

சாக்கில் நீண்ட ஒடுங்கிய நாடாக்கள் மிகுதியாக இருந்தால் அதற்கென்றே பிறந்த வடிவம் 'லொக் கபின்'. நடுவில் சிறு சதுரம், வழக்கமாகச் சிவப்பு. அதைச் சுற்றி நாடாக்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தைத்து வளர்ப்பது. அடுத்தடுத்த இரு பக்கங்களில் வெளிறிய நாடாக்களும் எதிர் இரு பக்கங்களில் அழுத்தமானவையும் வந்தால், முடிந்த கட்டம் மூலைவாட்டில் பாதி வெளிச்சமும் பாதி நிழலுமாகப் பிரியும். அதே கட்டங்களைத் திருப்பித் திருப்பி அடுக்கினால் சாய்கோடுகள், வைரங்கள், ஏணிப் படிகள் எனப் பல தோற்றங்கள் வரும். புதிதாக ஒன்றும் வெட்டவேண்டியதில்லை. நாடாக்களின் அகலம் சற்று முன்பின்னாக இருந்தாலும் கெடாது. தொடங்குபவர்களுக்கு ஒன்பது சதுரக் கட்டத்தை எல்லோரும் பரிந்துரைப்பார்கள். அதில் மூலைகள் சந்திக்கும் இடம் ஒரு நூல் பிசகினாலும் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் நான் லொக் கபினையே சொல்வேன்.

வடிவத்துக்கான தூண்டுதலைத் தேடித் தொலைதூரம் போகவும் வேண்டியதில்லை. கோயில் மதில்களின் செங்காவி வெள்ளைப் பட்டைகள், இரண்டே நிறத்தில் எவ்வளவு செய்யலாம் என்பதற்குக் கண்முன் நிற்கும் பாடம்; சம அகலத்தில் நீள நாடாக்களை மாறி மாறித் தைத்தால் அதுவே முழுப் போர்வை. பன்பாயில் சாயமேற்றிய பன் எங்கே நெருங்கி, எங்கே விலகி வருகிறது என்று கவனித்தால், அழுத்த நிறத்தை ஓரத்தில் குவித்து நடுவை வெளிறவிடும் உத்தி விளங்கும். டச்சுக்குடாக் கரையில் ஏற்றிவைத்த படகுகளின் பக்கப் பட்டைகளும் அவ்வாறே உதவும். பத்திரகாளி அம்மன் கோபுரத்தின் நிறச் செழிப்பு எல்லோரையும் கவரும். ஆனால் அங்கிருக்கும் எல்லா நிறங்களையும் சம அளவில் எடுத்தால் போர்வை இரைச்சலாகிவிடும். படமெடுத்து அதை மங்கலாக்கி, எந்த நிறம் அதிகம், எது குறைவு என்ற விகிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும். கோலத்தை அப்படியே ஒட்டுத்துணியில் கொண்டுவர முயல்பவர்களையும் பார்த்திருக்கிறேன். புள்ளிகளைச் சுற்றி வளையும் சிக்குக் கோலம் நேர்த் தையலுக்கு ஒத்துவராது. அதை மேல்தையலுக்கு, அதாவது முகம், நடு அடுக்கு, அடித்துணி என்ற மூன்று அடுக்குகளையும் இணைக்கும் ஓட்டுத் தையலின் பாதைக்கு வைத்துக்கொள்வது மிகப் பொருத்தம். நேர்கோட்டு நட்சத்திரக் கோலங்கள் வேறு. அவை அரைச்சதுர முக்கோணங்களாக இலகுவில் பிரியும்.

மூன்று அடுக்குகள் என்றதும் நடு அடுக்கு நினைவுக்கு வருகிறது. இங்கேதான் கடை கைவிடுகிறது. அவர்களிடம் இருப்பது சோபா மெத்தைக்குப் போடும் பொலியெஸ்ரர்ப் பஞ்சுத்தாள் மட்டும். சனவரி இரவுகளில்கூட வெப்பநிலை 24 பாகை செல்சியசை ஒட்டியே நிற்கும் ஊரில் அதைப் போர்த்திக்கொண்டு எவரும் உறங்க முடியாது. பழைய துணிகளை அடுக்கித் தைக்கும் வங்காளத்துக் காந்தா வேலையில் செய்வதுபோல, உடுத்து மென்மையான பழைய பருத்திச் சேலையை நடுவில் வைப்பதே நம் காலநிலைக்கு ஏற்றது. ஒரு சேலையை நடுவே வெட்டிப் பக்கம் பக்கமாகப் பரப்பினால் தனிக் கட்டிலின் பரப்பை மூடி மிச்சமும் விழும். ஓட்டுத் தையல் வரிகளுக்கிடையே மூன்று நான்கு அங்குலத்துக்கு மேல் இடைவெளி விடாவிட்டால் உள்ளடுக்கு சலவையில் நகராது. ஆக, இந்தப் பொருளைக் கடையில் தேடாமல் அம்மாவின் அலுமாரியில் தேடவேண்டும். அனுமதி பெறுவதுதான் கடினம்.

கடையின் ஏனைய குறைகளையும் சொல்லிவிடுகிறேன். உள்ளே ஒரே ஒரு குழல்விளக்கு. அதன் வெளிச்சத்தில் கருநீலத்தையும் கறுப்பையும் பிரித்தறிய முடியாது. வாசலுக்குக் கொண்டுபோய்ப் பார்க்க அனுமதிக்கிறார்கள் என்பது ஆறுதல். வாங்கியதைத் திருப்பி எடுக்கமாட்டார்கள். நிறைக்கு விற்கும் துணியில் அது எதிர்பார்க்கக்கூடியதே, ஆனால் சுருள்முடிவுத் துண்டுகளுக்கும் அதே விதியை வைத்திருப்பது சரியன்று, ஏனெனில் மடித்துக் கட்டிய துண்டின் உட்புறத்தில் அச்சுப் பிசகு இருப்பது வீட்டில் பிரித்தபின்தான் தெரியவரும். எனவே எந்தத் துண்டையும் முழுவதும் விரித்துப் பார்க்காமல் காசு கொடுக்க வேண்டாம். ஒரே நிறம் என்று நினைத்து இரு சாக்குகளிலிருந்து எடுத்தால் சாயத்தொகுதி மாறி இலேசான வேறுபாடு காட்டும். பின்னணித் துணிக்கு வேண்டியதை ஒரே இடத்தில், ஒரே தடவையில் எடுத்துவிடவேண்டும். நல்ல பருத்தி நூல் இங்கே இல்லை, பொலியெஸ்ரர் நூல்தான். இயந்திரத் தையலுக்கு அது போதும்.

மாற்று வழிகள் இல்லாமல் இல்லை. தையற்கடைகளில் வெட்டி விழும் துண்டுகளைச் சொல்லிவைத்தால் ஒரு பையில் சேர்த்துத் தருவார்கள். செலவு ஏறக்குறைய இல்லை, ஆனால் சல்வார்ப் பட்டும் ஜோர்ஜெட்டுமே அதிகம் வரும். இணையத்தில் வரவழைக்கும் வெட்டிய சதுரக் கட்டுகள் அளவில் துல்லியமானவை. ஆனால் திரையில் கண்ட நிறமும் கையில் வந்த நிறமும் ஒன்றாக இருப்பது அரிது. துணியைத் தொட்டுப் பார்க்காமல் இந்த வேலைக்கு வாங்குவதை நான் ஆதரிப்பதில்லை.

மொத்தத்தில், திறந்த சாக்கையும் கைத்தறித் தட்டையும் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். மேசைக் கட்டுகளைக் கேட்டு மாற்றிக்கொள்பவருக்கு மட்டும். கட்டுப் பிரிக்காத சாக்கை எவருக்கும் இல்லை. வடகீழ்ப் பருவமழை மாதங்களில் அடியில் இருக்கும் சாக்குகள் ஈரம் வாங்கிப் பூஞ்சண மணம் வீசும். அப்போது மேற்சாக்கிலிருந்து மட்டும் எடுக்கவும். நோன்புப் பெருநாளுக்கும் தீபாவளிக்கும் முந்திய வாரங்களில் கடையில் நிற்கவே இடமிராது, கிளறிப் பார்க்க எங்கே? வெள்ளிக்கிழமை நண்பகலில் தொழுகைக்காகக் கதவு மூடியிருக்கும். வாசல் கிழக்கு நோக்கியது என்பதால், நிறம் பார்த்து எடுக்க விரும்புபவர்கள் காலையில் கடை திறந்த கையோடு போய்விடுவது நல்லது.